சைக்கிள் கூடையில் ஒரு பெண்குரல்

சிரிப்பு வரும், வராமல் எங்கே போகும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் அவ்வளவுதான். குளத்தின் அந்தக் கோடியில் மீன்காரர்கள் ஐஸ் உடைக்கிற இடம் நெருங்கட்டும், அம்மாவுக்கு மூச்சு ஒரு சீருக்கு வரட்டும், நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டம் குறையட்டும், அப்புறம் கூடைக்குள் இருக்கிற பொம்பளை வாயைத் திறப்பாள். தூரம், பதினைந்து, கிலோ மீட்டர் என்று வழக்கம்போல ஆரம்பிப்பாள். பிறகு அதே குரலில், வாழ்க்கையில் ஒரு தடவைகூட மிளகாய் பஜ்ஜி தின்னாதவளின் குரலில், கோகிலவாணி, நேற்று, ஃபிரிட்ஜில், இருந்த, மைசூர்பாகை, எடுத்தது, யார், என்பாள். அம்மா ஒரு நொடி அப்படியே ஓடுவாள், ரெண்டாவது நொடி தலையைத் திருப்புவாள், மூன்றாவது நொடி விழுந்து விழுந்து சிரிப்பாள். விழுந்து விழுந்து. இந்த வார்த்தை வேண்டாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், அது போதும், நின்றுகொண்டு சிரிப்பாள், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, இல்லை எதையும் பிடித்துக்கொள்ளாமல். நான்தான் அந்தப் பொம்பளை. அது அம்மாவுக்குத் தெரியாது. என் சைக்கிளுக்குப் பத்தடி முன்னால், ஊதா டீ-ஷர்ட்டின் முதுகு பூராவும் வியர்வை மேப் போட்டிருக்க, ஓடிக்கொண்டிருக்கிற கோகிலவாணி, நூல்மில் தரப் பரிசோதனை லேபில் வேலை, மௌனிகாவின் அம்மா, ஒரு மாதமாக ஒரு மெஷின் தனக்கு நேரம் சொல்கிறது என்று நம்பி ஓடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மௌனிகா என்று பேர் வைத்தது யாருடைய வேலை என்று கேட்டால் அப்பா இன்றைக்கும் அம்மாவைக் கை காட்டுவார், அம்மா அப்பாவைக் கை காட்டுவாள், ரெண்டு பேர் குரலிலும் அந்தச் சண்டையை நான் ஒருத்தியே போட்டுக் காட்டுவேன்.

போன மாதம் தூறலில், ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று பெண்குரலில் சொல்கிற போனுக்குள் தண்ணீர் போய்விட்டது. மற்ற எல்லாம் வேலை செய்கிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எல்லாம் ஒழுங்காகக் காட்டுகிறது, வாய் மட்டும் போச்சு. வாய் மட்டும் போச்சு, மூளை எல்லாம் நல்லாத்தான் இருக்குது என்று அம்மாவின் அக்கா வசந்தாமணி பெரியம்மாவைப் பார்த்து டாக்டர் சொன்னதும் இதே மாதிரிதான், அந்த டாக்டர் குரல் எனக்கு வெகு சுலபம், மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ‘பார்ப்போம்’ போட்டால் அவர்தான். பெரியம்மா இப்போது வேண்டாம். போன். போனின் வாய் போன அன்றைக்கு எனக்கு வந்தது பாருங்கள் ஒரு சந்தோஷம். ஒரு கிலோமீட்டர் முடிந்தால் கூடைக்குள் அது அதிரும், நான் குனிந்து திரையைப் பார்ப்பேன், பார்த்துவிட்டு அவளாக மாறுவேன். அவளாக மாறுவது ஒன்றும் லேசு இல்லை. மூச்சு விடக் கூடாது. ஒரு வார்த்தைக்கும் பக்கத்து வார்த்தைக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது என்கிற மாதிரி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ‘ஏழு’ என்று சொல்லும்போது மட்டும் நாக்கு சுளுக்குகிற அளவுக்குச் சுத்தமாக ழ போட வேண்டும். முதல் நாள் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு குரலை நம்ப வைக்க வேண்டுமென்றால் முதலில் அது நாலு உண்மை பேசியாக வேண்டும், ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பள்ளி மைக்கில் பேசின அன்றைக்கும் முதலில் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன், அதற்கப்புறம்தான் ஒன்பதாம் வகுப்பை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அதனால் முதல் நாள், நேரம், ஏழு நிமிடம், ஐம்பத்தைந்து விநாடி என்றேன், உள்ளே சிரிப்பை அமுக்கிக்கொண்டு. அம்மாவின் தோள் ரெண்டும் ஹேங்கரில் இருந்து சட்டை நழுவின மாதிரி இறங்கின. அவ்வளவுதான், திரும்பவில்லை. அடுத்த கிலோமீட்டருக்குத் திரை எட்டு காட்டியது. அந்தப் பொம்பளை ஏழேகால் என்றாள். ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தோள் ஏறிக்கொண்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தாள், திரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது, மைசூர்பாகு ஜோக் மட்டும் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் ஜோக்கைச் சொன்னால் அவள் நான் என்று தெரிந்துவிடும், அவள் நான் என்று தெரிந்தால் அந்த நேரமெல்லாம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

“மௌனி, இப்ப எவ்வளவு போயிட்டு இருக்கறேன்?” அம்மா திரும்பாமல் கேட்கிறாள். திரும்பினால் கால் தடுக்கும். “அவ சொல்லுவாம்மா, இன்னும் கால் கிலோமீட்டர் இருக்குது.” “அவளுக்கென்ன, கூடையில ஜம்முனு உக்காந்துட்டு வர்றா.” “நானும்தான் உக்காந்துட்டு வர்றேன்.” “நீ எறங்கி ஓடு, அவ சைக்கிள் ஓட்டட்டும்.” நான் சிரிக்கிறேன், அம்மா சிரிக்கவில்லை, சிரித்தால் மூச்சு வீணாகும், ஓடும்போது வாயில் சிரிப்பு, மனசில் கணக்கு, கண்ணில் ரோடு, இதில் ஒன்றை விட்டாலும் பரவாயில்லை ரோட்டை விடாதே என்பார் ஜெகந்நாதன் சார், எங்கள் ஓட்டக் குழுவின் கோச், ரிட்டையர் ஆன பி.டி. மாஸ்டர், அவர் குரல் வேண்டுமென்றால் விசிலை வாயில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். கையில் வாட்ச் கட்டாதே என்று அம்மாவுக்குச் சொன்னது அவர் இல்லை. அம்மாவேதான் கழற்றி டிராயரில் போட்டாள். “மணிக்கட்டப் பாத்தா கால் பின்னுது சாமி. போன்ல இருக்கறவளே சொல்லட்டும்.” குனிந்து பார்த்தால் தடுமாற்றம். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒரு பதினாறு வயசுக்காரி என்ன செய்ய முடியும், மிமிக்ரி செய்ய முடியும்.

வாட்சுக்கும் முன்னாலேயே காதுக்குத் தெரியும். குரல் பிடிக்கிறவர்களுக்குக் காதுதான் எல்லாம், ஆள் வருவதற்கு முன்னால் செருப்புச் சத்தத்திலேயே யார் என்று சொல்லிவிடுவேன், அப்பா செருப்பு டப் டப் டப், பின்னால் குதிகால் அடிக்கும், எதிர்வீட்டு ஆடிட்டர் மாமா செருப்பு சளக் சளக், ஈரத்தில் நடக்கிற மாதிரி. அம்மா ஓடுகிற சத்தம் போன வருஷம் வரைக்கும் ரெண்டு காலுக்கும் ஒரே சத்தம், தபலா மாதிரி, தக்கு தக்கு தக்கு தக்கு, கேட்டுக்கொண்டே சைக்கிள் மிதித்தால் தூக்கம் வரும். இப்போது வலது கால் தக்கு, இடது கால் தக்கு இல்லை, தச்ச். தக்கு, தச்ச், தக்கு, தச்ச். அந்தச் ச்ச் சின்னது. ரொம்பச் சின்னது. ஷூவின் வெளி ஓரம் ரோட்டை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிற சத்தம். ஷூ பழசு, ரோடு சரிவு, சரிவான ரோட்டில் யார் ஓடினாலும் ஒரு கால் இழுக்கும், எல்லாம் சரிதான், ஆனால் குளத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தோம், சரிவு மறுபக்கம் மாறிவிட்டது, ச்ச் மாறவில்லை. புது ஷூ வாங்கிப் பார்த்தாள், ச்ச் புது ஷூவிலும் உட்கார்ந்துகொண்டது. எனக்கு இந்தச் சத்தத்தை முன்னாலேயே தெரியும். பெரியம்மா வீட்டில், சிவப்பு ஆக்ஸைடு தரையில், ஹவாய் செருப்பு. அப்போது பெரியம்மாவுக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது, நடக்கும்போது செருப்பு இடது காலில் இருந்து கழன்று கழன்று போகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அளவு பெரிசா வாங்கிட்டேன் போல என்று பெரியம்மாவும் சிரித்தாள்.

அதிர்கிறது. திரை எட்டு நிமிடம் பத்து. பதினைந்து முடிந்தது. இங்கேதான் மைசூர்பாகு. இங்கேதான் வைத்திருந்தேன். வாயைத் திறக்கிறேன், தூரம், பதினைந்து, கிலோ மீட்டர், நேரம், என்கிறேன், அடுத்தது கோகிலவாணி வர வேண்டும், நாக்கு நுனியில் இருக்கிறது. “ஆறு நிமிடம். ஐம்பது விநாடி.” வெளியே வந்தது இது. அம்மா கையை மேலே தூக்கி முஷ்டியை மடக்கி ஆட்டுகிறாள், ஜெயித்த ஆள் மாதிரி. அடுத்த கிலோமீட்டரில் கண்டிப்பாகச் சிரிப்பு.

அம்மாவைப் பெற்ற தாத்தாவை ஊர் பூராவும் குடிகாரர் என்று சொன்னது. அவர் வாயில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. காலையில் எட்டு மணிக்கே ஆடிக்கொண்டு நடந்தால் வேறு என்ன சொல்வார்கள், பேச்சும் குழறினால். கடையில் கடன் தரவில்லை, பஸ்ஸில் ஏற்றவில்லை, சொந்தக்காரர் கல்யாணத்திலேயே பந்தியில் தள்ளி உட்கார வைத்தார்கள். பெரியம்மாவுக்கும் அதே நடை வந்த பிறகுதான் அது நரம்பு என்று தெரிந்தது, தலைக்குப் பின்னால் கீழே இருக்கிற சின்ன மூளை சுருங்குகிற ஏதோ ஒன்று, வழிவழியாக வரும், வராமலும் போகும், பாதிக்குப் பாதி, ரத்தம் குடுத்தா சொல்லிடலாம், மருந்து இல்லீங்க, பார்ப்போம். தாத்தா செத்துப் பல வருஷம் கழித்து அவர் குடிகாரர் இல்லை என்று ஆனது. ரத்தம் கொடுக்கச் சொல்லி அப்பா கெஞ்சினார். அப்பா கெஞ்சுகிற குரல் எனக்கு வரும், ஆனால் நான் அதைச் செய்வதில்லை. அம்மா சாம்பார் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள், “நூலு நல்லதா கெட்டதான்னு தெரிய நான் என்ன பண்ணுவேன்? இழுத்துப் பாப்பேன். எங்க அறுகுதுன்னு பாப்பேன். அதே மாதிரிதான். அக்காளுக்கு நாப்பத்திநாலுல ஆரம்பிச்சுது. எனக்கு இப்ப நாப்பத்திநாலு. போன வருசம் அஞ்சு மணி நேரத்துல மாரத்தான முடிச்சேன். இந்த வருசம் அத விட வேகமா முடிச்சிட்டன்னா எனக்கு அது இல்ல. சீக்கு புடிச்ச காலு வேகமா ஓடுமா? நீங்களே சொல்லுங்க.” நானும் அது சரிதானே என்று நினைத்தேன், அன்றைக்கு ரொம்பச் சரியாகப் பட்டது, இதைவிட நல்ல டெஸ்ட் எந்த லேபில் இருக்கிறது, ரத்தமும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் இழுத்துப் பார்ப்பது, அறுகிறதா இல்லையா. டெஸ்ட் எடுக்கிறவள் அம்மா. ரிசல்ட் சொல்லுகிறவள் கூடைக்குள் இருக்கிறவள். அவளிடம் யார் ரிசல்ட்டை மாற்றச் சொன்னது?

ஐஸ் உடைக்கிற இடம் வந்துவிட்டது, மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன், ஒற்றைக் கையில் ஹேண்டில் பார். ரெண்டு கையையும் விடலாமா, விட்டுப் பார்க்கிறேன், தினமும் ஒரு தடவை விட்டுப் பார்ப்பேன், நேராகப் போனால் இன்றைக்கு எனக்கு ஒன்றும் இல்லை. நேராகத்தான் போகிறது. காலையில் பல் விளக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பேன், அதுவும் நின்றாயிற்று. பதினாறு வயசில் எல்லோரும்தான் நிற்பார்கள், பெரியம்மா பதினாறு வயசில் பாண்டி ஆட்டத்தில் ஸ்கூல் பூராவையும் ஜெயித்திருக்கிறாள். பாதிக்குப் பாதி அம்மாவுக்கு. அம்மாவுக்கு இருந்தால் அதில் பாதி எனக்கு. கணக்கு டீச்சர் குரலில் சொன்னால் இது சிரிப்பாக இருக்கும், “ஸோ கேர்ள்ஸ், வாட் இஸ் த ப்ராபபிலிட்டி”, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு. சிரிப்பாக இல்லை. ஒரு மீன்காரர் கத்துகிறார், “பாப்பா, கையப் புடிச்சு ஓட்டு! உளுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?” “நீங்கதானுங்ண்ணா!” என்று அவர் குரலிலேயே திருப்பிக் கத்துகிறேன், அவர் வாயைப் பிளக்கிறார், பக்கத்தில் ஐஸ் உடைக்கிறவர் விழுந்து. சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அம்மாவின் முதுகும் லேசாகக் குலுங்குகிறது. பாருங்கள், சிரிப்பு வருகிறது, இங்கேயே பக்கத்தில்தான் இருக்கிறது.

பெரியம்மா பேசுவது இப்போது யாருக்கும் புரிவதில்லை, என்னைத் தவிர. அது ஒன்றும் பெரிய அன்பு இல்லை, மிமிக்ரிதான். அவள் பேசும்போது நான் சத்தம் இல்லாமல் உள்ளே அதே மாதிரி பேசிப் பார்ப்பேன், நாக்கை அடியில் தடிமனாக வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தை எடுக்க இன்னொரு எழுத்துக்குள் கால் வைத்து வழுக்குகிற மாதிரி, அப்படிப் பேசிப் பார்த்தால் என்ன சொல்ல வந்தாள் என்று வந்துவிடும். அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். பெரியம்மாவின் மகன் துபாயில் இருந்து வீடியோ காலில் வந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, “அக்கா, ஏழு நிமிசத்துக்கும் கீழ எறங்கிட்டேன், கேட்டியா! நாலு வாரத்துல ரேஸு!” என்று கத்தினாள், சின்னப் பிள்ளை ரேங்க் கார்டு காட்டுகிற மாதிரி. அந்தப் பக்கத்தில் இருந்து பெரியம்மா ரொம்ப நேரம் எதையோ சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உள்ளே பேசிப் பார்த்தேன். எடது செருப்பு கழலுதா, என்று கேட்டிருந்தாள். “என்னடி சொல்றா அக்கா?” “சூப்பர்ங்கறாங்க. மெடல கொண்டாந்து காட்டச் சொல்றாங்க.” அந்தப் பக்கத்தில் பெரியம்மா மறுபடியும் ஏதோ சொன்னாள், காது நன்றாகக் கேட்கும் அவளுக்கு, நான் சொன்னது கேட்டிருக்கும். நான் உள்ளே பேசிப் பார்க்கவில்லை. பேசிப் பார்த்தால் புரிந்துவிடும். அப்புறம் அம்மா அன்றைக்கு ராத்திரி ரவா உப்புமாவுக்கே முந்திரி போட்டாள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம். குளித்துவிட்டு வரட்டும், சாப்பிடட்டும், அப்பாவும் பேப்பரை வைத்துவிட்டு வரட்டும். யார் குரலில் சொல்வது? ஜெகந்நாதன் சார் குரலில் சொன்னால், கோகிலாம்மா, இந்த வருசம் உடம்பு ரெஸ்ட் கேக்குது, என்று ஆகிவிடும், அம்மா நம்பிவிட்டு இன்னும் ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுப்பாள். டாக்டர் குரலில் சொன்னால் பார்ப்போம் வந்துவிடும். அப்பா குரலில் சொன்னால் அழுகை வந்துவிடும். என் குரலில் சொல்லலாம், என் குரல் எப்படி இருக்கும், ரெக்கார்ட் பண்ணிக் கேட்டால் பிடிக்காத அந்தக் குரல், அதை நான் யாருக்கும் செய்து காட்டியதே இல்லை. சொல்லாமல் விட்டால் மூன்று வாரம். மூன்று வாரத்தில் ரேஸ், அங்கே என் சைக்கிளை விட மாட்டார்கள், முடிகிற இடத்தில் வீட்டு வாசல் அகலத்துக்கு ஒரு கடிகாரம், சிவப்பு எழுத்து, அதற்குக் குரல் கிடையாது, குரல் இல்லாததை எப்படி மிமிக்ரி செய்வது. அம்மா ஆறு ஐம்பது என்று நினைத்துக்கொண்டு வேகமான கூட்டத்தோடு கிளம்புவாள். இருபதாவது கிலோமீட்டரில் அவர்கள் எல்லோரும் போயிருப்பார்கள். முப்பதாவதில் ச்ச் பெரிதாகியிருக்கும். கடிகாரம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டி, ஐந்தரையைத் தாண்டி, பந்தலை அவிழ்க்கிறவர்கள் கயிறு அவிழ்க்க ஆரம்பித்து, வாழைப்பழம் கொடுக்கிறவர்கள் போய், அப்போது தூரத்தில் ஊதா டீ-ஷர்ட் ஆடிக்கொண்டு வரும், யாராவது சொல்வார்கள், என்னங்க இது, குடிச்சிட்டு ஓடி வர்ற மாதிரி வருது. இல்லை. இப்படி நினைக்கக் கூடாது. நினைத்தால் நடக்கும் என்று இல்லை, நினைக்காவிட்டாலும் நடக்கும் என்பதால்தான். வீட்டுக் கடிகாரம் காட்டிக் கொடுக்குமோ என்று ஆரம்பத்தில் பயந்தேன், கிளம்பின நேரம், வந்த நேரம், யாரும் கழித்துப் பார்க்கலாம். அதற்கும் அம்மாவே வழி சொல்லித் தந்தாள். தண்ணி குடிக்க நின்னது, ரோடு தாண்ட நின்னது, டீக்கடையில உக்காந்தது, எல்லாம் கழிச்சிரோணும் மௌனி, அதெல்லாம் ஓட்டத்துல சேராது. எல்லாவற்றையும் கழித்தோம். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கழித்தோம்.

பின்னால் காலடிச் சத்தம். ரெண்டு காலும் ஒன்றுபோல. தக்கு தக்கு தக்கு. அழகான சத்தம், யார் என்று பார்க்காமலே தெரிகிறது, பத்மப்ரியா அக்கா, எங்கள் குழுதான், போன வருஷம் ரேஸில் கடைசிப் பத்துக் கிலோமீட்டரும் அம்மாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு, அக்கா விட்டுட்டுப் போயிராதீங்க அக்கா என்று அழுதுகொண்டே வந்து முடித்தவள். “கோகிலாக்கா! குட் மார்னிங்க்கா! மௌனி, யார் குரல்டி இன்னிக்கு?” “இன்னும் யாரும் எந்திரிக்கலைங்க்கா.” அவள் சிரிக்கிறாள், மூச்சே வாங்காமல் சிரிக்கிறாள், அம்மாவின் தோளுக்குச் சரியாக வந்துவிட்டாள். “என்ன பத்மா, ஒரே ஸ்பீடா இருக்கற,” என்கிறாள் அம்மா, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் காற்று. “ஸ்பீடா? அட போங்க்கா. இன்னிக்கு எனக்கு ஈஸி ரன். நேத்து மலையேத்தினாரு சாரு, தொடையெல்லாம் கட்டிப்போச்சு. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிசத்த விட வேகமாப் போனா உன்ற கால ஒடிச்சிருவேன்னு விசிலடிச்சு அனுப்பியிருக்காரு. பாருங்க, கரெக்டா ஏழரை,” மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுகிறாள், “ஆமை மாதிரி போயிட்டிருக்கேன். வர்றேன்க்கா, நின்னா சூடு ஆறிப்போயிரும்.” தக்கு தக்கு தக்கு. அம்மா கூடவே போகிறாள். நாலு விளக்குக் கம்பம் வரைக்கும் போகிறாள், கையை வேகமாக ஆட்டி, தலையை முன்னால் நீட்டி, தச்ச் தச்ச் தச்ச். பத்மப்ரியா அக்காவின் முதுகு ஒன்றும் செய்யாமலே சின்னதாகிக்கொண்டு போகிறது. ஆமை மாதிரி. ஆமை மாதிரி. அக்காவுக்குத் தெரியாது, அவள் மேல் தப்பே இல்லை. போடி. சீக்கிரம் போய் மறைந்து தொலை.

அம்மா கணக்குப் போட வேண்டாம். நூல்மில்லில் நாள் பூரா இதே கணக்குப் போடுகிறவள் இன்றைக்கு ஒரு நாள் போட வேண்டாம். ஏதாவது பேச வேண்டும், நாயைப் பற்றி, குளத்தில் ஆகாயத்தாமரை திரும்பவும் வந்துவிட்டதைப் பற்றி, எதிர்வீட்டு ஆடிட்டர் மாமா தும்முவது மாதிரி தும்மிக் காட்டலாம், அதற்கு அம்மா எப்போதும் சிரிப்பாள். முதுகைப் பார்க்கிறேன். ஒரு முதுகு யோசிப்பதை இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. வியர்வை மேப்புக்கு மேலே கழுத்து நிமிர்கிறது, ஒரு பக்கம் சாய்கிறது, டெஸ்ட் மெஷினில் நூல் போட்டுவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறபோது சாய்வது மாதிரி. கூடைக்குள் அதிர்கிறது. இப்போதா, இப்போதுதான் அதிர வேண்டுமா, இன்னும் கொஞ்சம் தள்ளி அதிரக் கூடாதா. சொல்லாமல் இருக்கலாம். சொல்லாமல் இருந்தால் ஏன் சொல்லவில்லை என்பாள். வாய் பழக்கத்தில் திறந்துகொள்கிறது, நான் திறக்கவில்லை. “தூரம். பதினாறு. கிலோ மீட்டர். நேரம். ஆறு நிமிடம். ஐம்பது விநாடி.”

தக்கு. தச்ச். தக்கு. அவ்வளவுதான். அம்மா நின்றுவிட்டாள். நடக்கவில்லை, குனியவில்லை, இடுப்பில் கை வைக்கவில்லை, நிற்கிறாள், குளத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. நான் பிரேக் பிடித்தது அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால். “மௌனி.” “ம்.” “பத்மா ஏழரைன்னா.” “அவங்க வாட்ச்சு ஒரு ஓட்ட வாட்ச்சும்மா, அது எப்பவுமே...” “அவ என்னயத் தாண்டிப் போறா.” காற்றில் மீன் நாற்றம். எங்கேயோ ஆட்டோவில் பழைய இரும்பு பேரீச்சம்பழம் என்று ஸ்பீக்கர் கூவுகிறது, அந்தக் குரலும் எனக்கு வரும், எல்லாக் குரலும் எனக்கு வரும். “ஏழரையில போறவ என்னயத் தாண்டினான்னா,” என்று அம்மா ரோட்டிடம் சொல்கிறாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி மெதுவாக, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறாள். அப்புறம் சொல்கிறாள், “அந்தப் பொம்பளைய இன்னொருக்கா சொல்லச் சொல்லு.”

அவள் ரெண்டு தடவை சொல்ல மாட்டாள், மெஷின் ஒரு தடவைதான் சொல்லும், அம்மாவுக்கும் தெரியும். போனைப் பார்க்கிறேன். எட்டு நிமிடம் இருபது விநாடி, அந்த நாலு விளக்குக் கம்பத்து ஓட்டத்தையும் சேர்த்து. என் குரலில் சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்துப் பார்க்கிறேன், அங்கே ஒன்றும் இல்லை. அம்மா கண்ணு, என்று ஆரம்பிக்கிற குரல்களெல்லாம் இருக்கின்றன, அழுகிற குரல்கள், பார்ப்போம் குரல்கள், இதெல்லாம் பேச ஆரம்பித்தால் நடுவில் எங்காவது ஒரு இடத்தில் பொய் சொல்லிவிடும். கூடைக்குள் இருக்கிறவளுக்கு அம்மா இல்லை. அவளால் முடியும். மூச்சை நிறுத்துகிறேன். வார்த்தைகளை ஒன்றில் இருந்து ஒன்று தள்ளி வைக்கிறேன். “தூரம். பதினாறு. கிலோ மீட்டர். நேரம்.” அம்மா திரும்பினாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரும்பினாள், நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க மாட்டேன், அவள் கண் கூடைக்குப் போனது, கூடையில் இருந்து என் வாய்க்கு வந்தது, வாயிலேயே நின்றது, நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “எட்டு நிமிடம். இருபது விநாடி,” என்றேன். “அடிப் பாவி!” என்றாள் அம்மா. “நீயாடி அது! இத்தன நாளும் நீயா!” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, நான் இத்தனை நாள் வரும் வரும் என்று வைத்திருந்த அதே சிரிப்பு, வயிற்றில் இருந்து, ஒரு கையால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தலையில் அடிக்க ஓங்கி, “கூடையில உக்காந்துட்டு வர்றாளாம் கூடையில,” என்று சொல்லி மறுபடியும் சிரித்து, கண்ணில் தண்ணீர் வர, ஓங்கின கை என் தலைக்கு வந்து சேரவில்லை, அந்தரத்திலேயே நின்றது, வாய் இன்னும் சிரித்த மாதிரிதான் இருந்தது, கண் மட்டும் என்னை விட்டு இறங்கிக் கீழே போய் இடது காலைப் பார்த்தது.